சகலைக்குக் காட்டிய வீடு

பெயிண்டருக்கு உலகத்தில் யார் மேலும் பொறாமை கிடையாது, அவருடைய சகலையைத் தவிர. மனைவியின் தங்கையைக் கட்டிய அந்த மனிதர் பஸ் டிரைவர். தங்கமான மனிதர், அதுதான் பெரிய தொல்லை. திட்டுவதற்கு ஒரு காரணமாவது கொடுத்துத் தொலைக்கலாம் அல்லவா? கொடுக்க மாட்டார். டிரைவர் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்த அன்று இவருக்குச் சோறு இறங்கவில்லை. மாமியார் போனை எடுத்தால் சின்ன மாப்பிள்ளையில் தொடங்கிச் சின்ன மாப்பிள்ளையிலேயே முடிப்பார். பெரிய மாப்பிள்ளை என்று ஒருவன் இருப்பதே அந்த அம்மாளுக்கு மறந்துபோயிருக்கும்.

இவருக்கு ஒரே பெண், அவருக்கு ஒரே பையன், இரண்டும் ஒரே வகுப்பு. அடுத்த வருடம் உயர்நிலைப் பள்ளி. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஊரே மெச்சும் அரசுப் பள்ளி ஒன்று இருந்தது, ஆனால் சுற்றியுள்ள நாலைந்து தெருக்களில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளைத்தான் சேர்த்துக்கொள்வார்கள். சிபாரிசு செல்லாது, கெஞ்சல் செல்லாது. அந்தத் தெருக்களில் வாடகை வீடு கிடைப்பதோ குதிரைக்கொம்பு. சகலைகள் இருவரும் குடியிருந்தது பாலத்துக்கு இந்தப் பக்கம். இங்கே இருந்த பள்ளியில் அறிவியலுக்கு வாத்தியார்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். பெயிண்டரின் பெண்ணோ அறிவியல் என்றால் சாப்பாட்டை மறப்பவள்.

ஆனால் பெயிண்டருக்கு ஒரு வசதி உண்டு. குடியிருந்தவர்கள் காலி செய்தால் வீட்டுக்காரர் முதலில் கூப்பிடுவது வெள்ளையடிக்கிற ஆளைத்தான். அப்படித்தான் பள்ளிக்குப் பின்தெருவில் ஒரு மாடி வீட்டுச் சாவி அவர் கைக்கு வந்தது. உள்ளே நுழைந்ததுமே முடிவு செய்துவிட்டார், இது நம் வீடு.

காதும் காதும் வைத்த மாதிரி வேலையை முடித்துவிட்டு, பளபளக்கும் சுவரைக் காட்டி வீட்டுக்கார அம்மாளிடம் கேட்பதாகத் திட்டம். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. அவளுக்குத் தெரிந்தால் அடுத்த நிமிடம் தங்கைக்குத் தெரியும். வெடிப்பையெல்லாம் பட்டி பார்த்து, தேய்த்து, யாரும் கேட்காமலே மூன்றாவது பூச்சும் பூசினார். சமையலறைப் பக்கச் சிறிய அறையில் மேசை எங்கே போடலாம் என்று சாக்பீஸால் கோடுகூடப் போட்டுப் பார்த்தார்.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பொறாமைப்பட்டே பழகியவனுக்கு, தன்னைப் பார்த்து நாலு பேர் பொறாமைப்பட வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் கை கால் நிற்காது. அதுவும் அந்த ஒரு ஆள் பொறாமைப்பட வேண்டும். டிரைவரின் விடுமுறை நாளாகப் பார்த்து, "வாங்க தம்பி, ஒன்னு காட்டுறேன்" என்று அழைத்துப் போனார். முதலில் ஆள் வாயைப் பிளக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று ஒவ்வொரு அறையாகக் காட்டினார். ஜன்னலைத் திறந்து, "அதோ பாருங்க, பள்ளிக்கூடம்" என்றார்.

டிரைவர் வெளியே பார்த்தார். திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது. பெயிண்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, எனக்காக இப்படி ஒரு வீட்டைப் பாத்து வச்சிருக்கீங்களே. கூடப் பொறந்தவன்கூட செய்ய மாட்டான்ணே."

பெயிண்டருக்கு "இல்ல, இது எனக்கு" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்ல முடியவில்லை. சொன்னால், பீற்றிக்கொள்ளத்தான் கூட்டி வந்தான் என்பது தெரிந்துவிடுமே. சிரித்து வைத்தார். மாலைக்குள் டிரைவர் முன்பணம் கொடுத்துவிட்டார்.

மாமியார் அன்று பெரிய மாப்பிள்ளையைத் தேடிப் போன் செய்தார். "உங்க மனசு யாருக்கு வரும்" என்றார். போனை வைத்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் வீடு பாருங்க. நம்ம பொண்ணு உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

பெயிண்டர் நடந்ததைச் சொன்னார். அவள் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எவ்வளவு அலைந்தும் அந்தத் தெருக்களில் வேறு வீடு காலியாகவில்லை.

சேர்க்கைக்குச் சில நாள் முன்பு டிரைவர் வந்தார். "பாப்பா எங்ககூடத் தங்கிப் படிக்கட்டும்ணே. சொந்தக்காரங்க வீட்ல இருந்தாலும் சேத்துக்குவாங்களாம், கேட்டுட்டேன். அந்தச் சின்ன ரூம் சும்மாதான் கிடக்கு."

மாட்டேன் என்று சொல்லப் பெயிண்டருக்கு வாய் துடித்தது. மகளே மறுத்துவிடுவாள் என்று நம்பி, "என்னம்மா சொல்ற?" என்று அவளைக் கேட்டார்.

"போறேம்பா" என்றாள், அவர் கேட்டு முடிப்பதற்குள். "சனி ஞாயிறு வந்துடுவேன்ல?"

போகட்டும், படிக்கத்தானே என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு அனுப்பி வைத்தார். முதல் வெள்ளிக்கிழமை வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கூட்டி வரப் போனார். மாடிப்படி ஏறும்போதே மகளின் குரல் கேட்டது. ஆய்வுக்கூடம், அமிலம், எவனோ குடுவையை உடைத்தது என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். டிரைவர் எதிரே உட்கார்ந்து, யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல், "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வாஷிங் மெஷினுக்கெல்லாம் வயிறெரிந்தோமே, அது ஒரு எரிச்சலா என்று இருந்தது பெயிண்டருக்கு.

பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு இருவரும் தெருவில் இறங்கினார்கள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"அந்த லேப்ல என்னம்மா நடந்துச்சு?"

"இப்பதாம்பா எல்லாத்தையும் சித்தப்பாகிட்ட சொன்னேன்" என்றாள் மகள், கொட்டாவி விட்டபடி. "மறுபடியும் சொல்லணுமா?"

"வேணாம்மா" என்றார்.