சந்தனம் வைத்த டப்பா

மத்திகிரிக்கு அப்பால் ஒரு குன்றின் அடியில் எங்கள் வீடு. என் கணவர் ஓசூரில் லேத் ஆபரேட்டர். மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, வாடகை வீடுகளில் காலம் தள்ளி, ஒருவழியாகக் கட்டியது. தரை, சமையல் மேடை, சுவர் எல்லாமே கிரானைட் பட்டறையில் கழித்துப்போட்ட கல். பின்னறையின் மூன்று பக்கமும் முழுப் பலகைக் கல், ஜன்னலே கிடையாது. வருகிறவர்களிடமெல்லாம் அந்தச் சுவரைத் தட்டிக் காட்டுவார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

ஒரு ஆவணியில், ஆராய்ச்சி படிக்கும் பெண் ஒருத்தி எங்கள் ஊருக்கு வந்தாள். பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ரேடான் என்றொரு வாயு கசியுமாம். நிறமில்லை, மணமில்லை, அடைத்த வீட்டில் தேங்கினால் நாளாவட்டத்தில் நுரையீரலைக் கெடுக்கும் என்றாள். அதை அளக்க வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதன் வாயில் மெல்லிய தாள். அதன் வழியே காற்று போய், உள்ளே இருக்கும் பிலிமில் தடம் பதியும்.

"ஏம்மா, என் வீட்டுக் கல்லையா சந்தேகப்படுற?" என்று எகிறினார் இவர்.

"கல்லை இல்லைங்க சார், காத்தைத்தான் பாக்குறோம்" என்றாள் அவள், பாவம்.

எனக்கு என் கவலை. மகளுக்குத் தலைப்பிரசவம். தை மாதம் கைக்குழந்தையோடு அந்தப் பின்னறையில்தான் படுக்கப்போகிறாள். ஓசூர்க் குளிரில் பச்சை உடம்புக்காரியை வைத்துக்கொண்டு கதவைச் சாத்தாமல் இருக்க முடியுமா? டப்பாவை அங்கேயே மாட்டச் சொன்னேன்.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? ஸ்கூட்டர், மிக்சி, கேஸ் அடுப்பு, அரிவாள்மனை என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில் ஸ்டூல் போட்டு ஏறி, அந்த டப்பாவுக்கும் சந்தனத்தை வழித்து அப்பி, குங்குமம் வைத்தார்.

"அதுவும் நமக்காகத்தானடி வேல பாக்குது" என்றார். மனுஷன் மனசு மாறிவிட்டாரே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கார்த்திகையில் டப்பாவை எடுக்க வந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தாளின் மேல் சந்தனம் காய்ந்து கெட்டியாக அடைத்திருந்தது.

"அம்மா, இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. இன்னொண்ணு மாட்டினா மறுபடியும் மூணு மாசம் ஆகும். காத்து வந்துபோற மாதிரி வச்சுக்கிட்டா பயப்பட வேண்டியதில்ல."

அதற்குள் குழந்தையே வந்துவிடும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவேயில்லை. "பொட்டு வைக்க உங்களுக்கு வேற எடமே கெடைக்கலியா?" என்று கத்தினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கல் அறுக்கும் மெஷினை யாரிடமோ இரவல் வாங்கி வந்தார். பின்னறைச் சுவருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கல்லை ஒருமுறை தடவிப் பார்த்தார். எனக்கே பொறுக்கவில்லை.

"என்னங்க, ஒண்ணும் இல்லாமலேகூட இருக்கலாம்ல?"

"இருக்கோ இல்லையோ. தெரியாத காத்துல எம் பேரப்புள்ளையப் படுக்கவைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் வைக்கிற அளவுக்குச் சுவரில் மெஷினை ஓட்டினார். வீடெல்லாம் கல் தூசி. சாயங்காலம் அந்த அறைக்குள் முதல்முறையாக வெயில் விழுந்தது.

தை மாதம் பேத்தி வந்தாள். குளிருகிறது என்று மகள் ஜன்னலைச் சாத்தப் போனாள். இவர் விடவில்லை. தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் குழந்தைக்குப் போர்த்திவிட்டு, காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.