சாலையோரத்தில் எங்கள் சமையலறை

அன்று காலை பெரிய சாலையில் ஒரு கண்டெய்னர் லோரி கவிழ்ந்து கிடந்தது. போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. தாமதமாகப் போனால் மேலாளர் ஒன்றும் சொல்லமாட்டார், சுவர்க் கடிகாரத்தை மட்டும் ஒரு முறை பார்ப்பார். அதற்குப் பயந்து போன் காட்டிய மாற்றுவழியில் காரைத் திருப்பினேன். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிப் போகும் குறுகலான தார்ச்சாலை அது. கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அப்படியொரு சாலை இருப்பது அன்றுதான் தெரிந்தது.

முதலில் நாற்றம் வந்தது. கண்ணாடிகளை ஏற்றித்தான் வைத்திருந்தேன். அது ஏர்கோன் வழியாக உள்ளே புகுந்தது. அழுகிய மீன், எரிந்த ரப்பர், வெயிலில் வெந்த டயப்பர் எல்லாம் கலந்த ஒரு வாடை. வளைவைத் தாண்டியதும் குப்பை கண்ணில் பட்டது. சாலையின் ஒரு பக்கம் கறுத்துத் தேங்கிய பெரிய கால்வாய். அதன் கரையிலிருந்து சாலை விளிம்புவரை ஆள் உயரத்துக்கு மெத்தைகள், டயர்கள், உடைந்த கழிப்பறைப் பீங்கான், கோழிச் சிறகு பிதுங்கும் சாக்குகள். நடுவில் ஓர் அறிவிப்புப் பலகை நின்றது. இங்கே குப்பை கொட்டக்கூடாது, மீறினால் அபராதம் என்று மலாயில் எழுதியிருந்தது. அந்தப் பலகையின் காலிலேயே யாரோ ஒரு சோபாவைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

'என்ன பிறவிகளோ' என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் ஒரு பச்சைக் கதவு தெரிந்தது.

எங்கள் சமையலறை அலமாரியின் கதவு. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பல வருடங்களுக்கு முன் அதன் கைப்பிடி உடைந்தபோது, தூக்கிப்போட இருந்த ஐஸ்பெட்டியின் கைப்பிடியைக் கழற்றி என் கணவர் அதில் பொருத்தினார். அலமாரிக்குச் சற்றும் பொருந்தாத நீளமான வெள்ளிக் கைப்பிடி. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்த்துச் சிரித்த கைப்பிடி. அது இப்போது ஒரு டயரின் மேல் வானத்தைப் பார்த்துக் கிடந்தது.

காரை நிறுத்திவிட்டு இறங்கினேன். ஈக்கள் எழுந்து முகத்தில் மோதின. கதவுக்குப் பக்கத்தில் எங்கள் பழைய தரை ஓடுகள். அவற்றின் கீழே, நான் என் கையால் கட்டிக் கொடுத்த பைகள். பாட்டில்கள் தனியாக, தகர டப்பாக்கள் தனியாக, அட்டைகள் தனியாக. பாட்டில்களைக் கழுவிக் காயவைத்துத்தான் கட்டியிருந்தேன். அவற்றின் மேல் யாருடைய வீட்டுக் கழிவோ வழிந்து புழு நெளிந்தது. காருக்குள் வந்து உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

அதற்கு முந்தைய மாதம்தான் சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தோம். வேலையை எடுத்துச் செய்த குத்தகைக்காரர் எங்களுக்குத் தெரிந்தவர். கோவில் திருவிழாவில் அன்னதானப் பந்தலில் முதல் ஆளாக நின்று பரிமாறுகிறவர். வீட்டுக்குள் வரும்போது செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவார். தூசி படாமலிருக்க என் ஐஸ்பெட்டிக்கும் அடுப்புக்கும் பிளாஸ்டிக் சுற்றியவர். இடித்த சாமான்கள் எங்கே போகும் என்று நான் கேட்டிருந்தேன்.

"அதெல்லாம் முறையா போற இடத்துக்குப் போயிரும்க்கா. நீங்க அதப்பத்திக் கவலப்படாதீங்க," என்றார். நான் பிரித்துக் கட்டி வைத்திருந்த பைகளைப் பார்த்துவிட்டு, "இதையும் கொடுங்க, போற வழியில ரிசைக்கிள் சென்டர்ல போட்டுர்றேன். உங்கள மாதிரி எல்லாரும் இருந்துட்டா நாடு எங்கயோ போயிரும்," என்று பாராட்டவும் செய்தார்.

அன்று மாலை கணவரை அழைத்துக்கொண்டு மறுபடி போனேன். அவர் கதவைப் பார்த்தார், ஓடுகளைப் பார்த்தார். "நம்மளுதுதான்," என்று மட்டும் சொன்னார். அங்கே நின்றபடியே குத்தகைக்காரருக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணே, சத்தியமா எனக்குத் தெரியாது. லோரிக்காரன்கிட்ட விட்டாச்சு. அவன் எங்க கொட்டுறான்னு பின்னாலயே போயா பாக்க முடியும்?"

"முறையா போகும்னு சொன்னீங்களே," என்றேன் நான்.

"சொன்னேன்க்கா, இல்லேங்கல. ஆனா எல்லாரும் அங்கதான் போடுறாங்க லா. அப்புறம் கவுன்சில்காரன் வந்து அள்ளிருவான். அவன் வேலையே அதுதானே."

"நாளைக்கு வந்து எடுக்கிறியா இல்லையா?" என்றார் என் கணவர்.

"பாக்குறேண்ணே."

அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பிறகு போனையும் எடுக்கவில்லை.

நான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊராட்சி மன்ற அலுவலகத்துக்குப் போனேன். உள்ளே நுழையும் இடத்திலேயே மூன்று நிறத் தொட்டிகள், சிரிக்கும் பூமிப்பந்து வரைந்த சுவரொட்டி. குப்பையைப் பிரியுங்கள், மறுசுழற்சி செய்யுங்கள், பூமியைக் காப்போம். எனக்கு அந்தப் பூமிப்பந்தின் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

முகப்பில் இருந்த மலாய்ப் பெண் அதிகாரி, அம்மா என்பதற்கு மலாயில் 'புவான்' என்று அழைத்து, மரியாதையாகத்தான் பேசினார். நான் காட்டிய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். லோரியின் எண் தெரியுமா என்று கேட்டார். தெரியாது. கொட்டுவதை நேரில் பார்த்த சாட்சி உண்டா? இல்லை. கதவு எங்களுடையது, கழற்றியவர் இன்னார், இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால், புவான், அது உங்கள் வீட்டுக் குப்பை என்று நீங்களே சொல்கிறீர்கள். கொட்டியவர் யாரென்று நிரூபிக்க முடியாவிட்டால் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்," என்றார். மிரட்டும் குரலில் சொல்லவில்லை, தெரிந்தவருக்கு ரகசியமாக எச்சரிக்கை சொல்வதுபோல் சொன்னார். மேலும், சாலை அவர்களுடையது, ஆனால் கால்வாயும் அதன் கரையும் வேறோர் இலாகாவுக்குச் சொந்தம். என் கதவு எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எங்கே புகார் செய்வது என்று முடிவாகும்.

வெளியே வந்தபோது கோபம்கூட வரவில்லை. அன்று அந்தச் சாலையில் மூக்கில் ஏறிய நாற்றம் இந்தக் கட்டடத்துக்குள்ளும் இருப்பதுபோல் தோன்றியது.

"நாமளே அள்ளிருவோம். அந்தக் கதவு அங்க கெடக்குதுன்னு நெனச்சா எனக்குச் சோறு எறங்கல," என்றார் என் கணவர்.

சனிக்கிழமை காலை ஒரு சிறிய லோரியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனோம். கட்டடக் கழிவுகளை முறையாக வாங்கும் இடத்துக்குப் போய்வர அந்த லோரிக்காரரிடம் அனுமதி இருந்தது. எங்கள் பொருளை மட்டும் எடுத்துவிடலாம் என்று நினைத்தோம். அது எவ்வளவு மடத்தனம் என்று சாக்கைத் தூக்கியதும் தெரிந்தது. குப்பை குவியலாகச் சேரும்போது யாருடையது என்ற கோடு அதில் இருப்பதில்லை. எங்கள் தரை ஓடு ஒன்றை எடுத்தால் அதனோடு யாருடைய தலைமுடியோ ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு பலகையைப் புரட்டியபோது அடியில் அரிசிச் சாக்கில் கட்டிய செத்த நாய். சாக்கு அசைந்துகொண்டிருந்தது. உள்ளே புழுக்கள். கையுறையோடு சேர்த்துக் கையையும் கழற்றி எறிய முடியாதா என்றிருந்தது. என் கணவர் கால்வாய்ப் பக்கம் போய் வாந்தியெடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி குனிந்தார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"நீங்கதானா? இத்தன நாளா கொட்டுறது நீங்கதானா?"

திரும்பினோம். தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். போனை எங்கள் பக்கம் நீட்டியபடி நின்றார். சாலையின் மறுமுனைக்குப் பக்கத்தில், தோட்டம் விற்கப்பட்ட பிறகும் மிஞ்சியிருந்த ஐந்தாறு வீடுகளில் ஒன்றிலிருந்து அவர் வந்திருந்தார். "பாக்க நல்ல குடும்பம் மாதிரி இருக்கீங்க. வெக்கமா இல்ல? என் மாமனார் மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைறாரு. இதக் கொட்டிட்டுப் போறதோட விடுறீங்களா? செம்புக் கம்பிக்காகக் கொளுத்தி வேற விடுறானுங்க. எல்லாத்தையும் வீடியோ எடுத்துட்டேன். நம்பர் பிளேட்டும் இருக்கு."

"கொட்டலம்மா, ஏத்துறோம்," என்றார் என் கணவர்.

"என்னது?"

"இது எங்க வீட்டுச் சாமான். எங்களுக்குத் தெரியாம கொண்டாந்து கொட்டிட்டானுங்க. எடுத்துட்டுப் போக வந்தோம்."

அவர் லோரிக்குள் எட்டிப் பார்த்தார். எங்களை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் துணி இருந்த நிலையே சாட்சி சொல்லியிருக்க வேண்டும். போனைத் தாழ்த்தினார். ஆனால் முகம் இளகவில்லை.

"உங்க சாமான மட்டும் எடுத்துட்டுப் போயிருவீங்க. அப்ப மத்தது?"

நான் கையிலிருந்த சாக்கை லோரியில் வைத்தேன். அந்தப் பெண் வீட்டுக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கைய கழுவிட்டுப் போங்கக்கா. அந்த நாய போன வாரந்தான் போட்டானுங்க," என்றார்.

அன்று மாலை நான் எத்தனையோ முறை குளித்தும் நாற்றம் போகவில்லை. கையால் பிசைந்து சாப்பிட முடியாமல் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கோவில் வாட்சாப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஒரு மனிதர் முதுகைக் காட்டியபடி பச்சைக் கதவு ஒன்றைத் தூக்கிக்கொண்டு குப்பைக்கு நடுவே நிற்கிறார். பக்கத்தில் லோரி. 'நம் இனத்தவரே இப்படிச் செய்தால் யாரைக் குறை சொல்வது' என்று கீழே எழுதியிருந்தது. அந்தப் பெண் எங்களிடம் சண்டைக்கு வருமுன்பே அதைத் தன் சொந்தக்காரர்களுக்கு அனுப்பியிருக்கிறார். அது கைமாறிக் கைமாறி எங்களிடமே வந்துவிட்டது. முதுகு என் கணவருடையது.

பதில்கள் குவிந்தன. அசிங்கம், கேவலம், பிடித்து உள்ளே போடுங்கள். எங்கள் குத்தகைக்காரரும் எழுதியிருந்தார். "இவனுங்கள எல்லாம் ரோத்தான் பெரம்பால அடிக்கணும். நாட்ட நாறடிக்கிற ஜென்மங்க." பக்கத்தில் கோபத்தில் சிவந்த முகம்.

அவர் கழற்றிய கதவு. கழற்றும்போது அவரும்தான் அந்தக் கைப்பிடியைப் பார்த்துச் சிரித்தார். அதை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. புழுவையும் நாயையும் தொட்டபோது வந்ததைவிடப் பெரிய குமட்டல் அப்போது வந்தது.

"விடு, வேணாம்," என்றார் என் கணவர். நான் விடவில்லை. அதே குழுவில் அவருக்குப் பதிலாக எழுதினேன்: "முதுகு என் கணவருடையது. கதவு எங்கள் வீட்டுடையது. கழற்றி அனுப்பியது நீங்கள். நாங்கள் அதைத் திரும்ப அள்ளிக்கொண்டிருந்தோம்."

சற்று நேரத்தில் யாரோ ஒரு முருகன் படத்தையும் மாலை வணக்கத்தையும் போட்டார். அதன்பின் எல்லாரும் அவருக்கு வணக்கம் சொன்னார்கள். குத்தகைக்காரர் தன் பதிலை அழித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "எல்லார் முன்னாடியும் இப்படிப் பண்ணிட்டீங்களேக்கா. எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே," என்றார். அவருடைய மனவருத்தம் உண்மையானது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் பெண் எப்படியோ என் எண்ணைக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்டார். பேச்சோடு பேச்சாக, தன்னிடம் மாதக்கணக்காக எடுத்த வீடியோக்கள் இருப்பதாகச் சொன்னார். லோரிகள், எண்கள், முகங்கள். புகார் கொடுக்கப் போனபோது, கொட்டப்பட்டது யாருடைய பொருள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். என்னிடம் பொருள் இருந்தது, எண் இல்லை. அவரிடம் எண் இருந்தது, பொருள் இல்லை. இருவரும் சேர்ந்து போனோம். அதே அதிகாரி இந்த முறை நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து எல்லா வீடியோவையும் பார்த்தார். எங்கள் பச்சைக் கதவு லோரியிலிருந்து சரிந்து விழுவது ஒன்றில் தெளிவாக இருந்தது.

லோரியைப் பிடித்தார்கள். ஓட்டுநருக்கு அபராதம் போட்டார்கள். லோரி அவருடையது அல்ல என்பதால் குத்தகைக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த திருவிழாவில் அவர் பரிமாறிக்கொண்டு வந்தபோது என் கணவர் இலையை மூடிவிட்டு எழுந்தார். நானும் எழுந்தேன்.

சாலையை மன்றம் சுத்தம் செய்தது. இயந்திரம் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. இனி லோரி நுழையக்கூடாது என்று சாலை தொடங்கும் இடத்தில் கொங்கிரீட் தடுப்புகளைக் குறுக்கே வைத்தார்கள். மறுமுனையில் இருக்கும் ஒடுங்கிய பாலத்தைப் போலவே இங்கேயும் கார் மட்டும் உரசிக்கொண்டு போகலாம். மன்றத் தலைவர் தடுப்புக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம் செய்தியில் வந்தது.

சில வாரங்கள் கழித்து அந்தப் பெண் போன் செய்தார். "அக்கா, இங்க ஒரு கூத்து. கொட்டுற லோரி மட்டுமில்ல, எங்க வீட்டுக் குப்ப எடுக்கிற லோரியும் உள்ள வர முடியல."

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். தடுப்புக்கு வெளியே, பெரிய சாலையின் ஓரத்தில், அந்த ஐந்தாறு வீடுகளின் குப்பைப் பைகள் கிடந்தன. நாய்கள் கிழித்துப் போட்டிருந்தன. குப்பை கொட்டும் இடம்தான் என்று நினைத்து வேறு யாரோ அங்கே ஒரு மெத்தையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பெண் இரண்டு கைகளிலும் பைகளோடு உள்ளேயிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார். மாமனாரின் மருந்துப் பாட்டில்கள் ஒரு பைக்குள் கலகலத்தன.

"கவுன்சில்ல கேட்டேன்க்கா. கொண்டாந்து வெளிய வைங்கன்னாங்க. நேத்து வேற ஒருத்தர் வந்து, வெளிய வச்சா சம்மன்னு சொல்லிட்டுப் போறாரு."

ஒரு பையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் இருவரும் தடுப்பின் பக்கத்தில் நின்றோம்.