பசைக் கிண்ணத்தோடு ஒரு வருஷம்

ஒன்றாம் வகுப்பு டீச்சரைப் புடவையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். முந்தானையில் எங்கேயாவது மைதா பசை காய்ந்திருக்கும். என்னைப் போல அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே வண்டி ஏறுகிறவர்களே, இது உங்களுக்காகத்தான். நான் ஆலங்காயத்திலிருந்து தினமும் ஜீப் பிடித்து, புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைக் கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்குப் போகிறேன். இருபத்திரண்டு பிள்ளைகள், ஹெச்.எம். சார், நான். அவ்வளவுதான் பள்ளி.

போன வருஷம் ஒரு பயிற்சி வகுப்பில், அந்தந்தப் பருவத்துக்கு ஏற்றபடி பிள்ளைகளைக் கைவேலை செய்ய வையுங்கள் என்று சொன்னார்கள். எனக்குக் கை பரபரத்துவிட்டது. ஜீப்பில் திரும்பி வரும்போதே, குலுங்கக் குலுங்க, நோட்டில் திட்டம் போட்டு முடித்தேன். அதில் ஒன்றுகூட நான் போட்டபடி நடக்கவில்லை.

யார் வரைந்தது?

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. வகுப்பில் இருந்தது கொஞ்சம் கலர் கோலப்பொடியும் வெள்ளைத் தாளும்தான். தாளில் பொடியைத் தூவி, வராந்தா ஓரம் நின்று மழையில் நீட்டச் சொன்னேன். தூறல் பட்டதும் நீலமும் மஞ்சளும் ஓடிக் கலந்து, நாங்கள் யாரும் நினைக்காத பச்சை ஒன்று வந்தது. பிள்ளைகளை விட நான்தான் அதிகம் குதித்தேன். தாள் போதாமல், பழைய காலண்டரைக் கிழித்து அதன் பின்பக்கத்தையும் நீட்டினோம்.

அந்த நேரம் பார்த்துக் கல்வி அலுவலர் வந்து இறங்கினார். இருபத்திரண்டு பிள்ளைகளும் நானும் பாதி நனைந்து நிற்கிறோம். ஹெச்.எம். சார் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம். அலுவலர் நேராக இரண்டாம் வகுப்பு சதீஷிடம் போய், அவன் கையிலிருந்த தாளை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கே, நீயா வரைஞ்ச?" என்றார். சதீஷ் பொய் சொல்கிற பிள்ளை இல்லை.

"மழ வரைஞ்சுது சார். நான் பேப்பர் மட்டும்தான் புடிச்சினு இருந்தேன்."

மார்கழிப் புகை

பயிற்சியில் கொடுத்த மாதிரிப் படத்தில், கழுத்தில் கம்பளி சுற்றிய பனி மனிதன் இருந்தான். அவனை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதனால், "காலைல வர்ற வழியில இன்னா பாத்தீங்களோ அத வரைங்க" என்று சொல்லி, பழுப்பு அட்டையும் வெள்ளை சாக்பீஸும் கொடுத்தேன். வந்த படங்களைப் பார்த்து அசந்துபோனேன். ஆடு, மாடு, நாய், மனிதர், எல்லார் வாயிலிருந்தும் வெள்ளையாக ஆவி. மலைக் குளிரில் மூச்சு விட்டால் வருமே, அது. சதீஷ் என்னையும் வரைந்திருந்தான். ஜீப்பிலிருந்து இறங்குகிற என் வாயிலிருந்துதான் இருப்பதிலேயே பெரிய ஆவி. பெருமையோடு, வீட்டில் காட்டச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் அவன் அப்பா வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"நானே பீடிய வுட்டு ஆறு மாசம் ஆவுது டீச்சர். மனசு வெச்சா நீங்களும் வுட்டுடலாம்ங்க."

தாளிப்பு

பங்குனியில் புளி உலுக்குவார்கள். எந்த வீட்டில் கேட்டாலும் புளியங்கொட்டை கிடைக்கும். சாக்குத் துணியில் கொட்டைகளை ஒட்டி ஒரு பஸ் செய்தோம். திங்கட்கிழமை வந்து பார்த்தால், மைதா பசைக்கு ஆசைப்பட்ட எலி நான்கு சக்கரத்தையும் கழற்றியிருந்தது. நான்தான் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றாம் வகுப்பு பூங்கொடி, "பலாப்பால்ல ஒட்டலாம் டீச்சர், எலி வாய வெக்காது" என்றாள். மத்தியானத்துக்குள் கொட்டாங்குச்சியில் பால் வந்துவிட்டது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டுதான் அதைத் தொட வேண்டும் என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அவசரத்தில் என் காதில் விழவில்லை. ஐந்து விரலும் ஒன்றாக ஒட்டி, அந்தக் கை புடவையோடு ஒட்டி, கடைசியில் சத்துணவு சமைக்கிற அக்கா வந்துதான் என்னைப் பிரித்தெடுத்தார். அன்று சாப்பாடு போடும்போது அவரே முந்திக்கொண்டு அறிவித்தார்.

"கொழம்பு இன்னா இப்டி இருக்குதுன்னு யாரும் கேக்காதீங்க. தாளிக்கிற எண்ண பூரா டீச்சர் கையில இருக்குது."

மயில்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், தானியத்தில் படம் செய்யலாம் என்று ஆளுக்கு ஒரு கைப்பிடி கேட்டேன். பூங்கொடி ஒரு தூக்கு நிறையச் சாமை கொண்டுவந்தாள். அவ்வளவு சாமையைப் பார்த்ததும் என் திட்டமும் பெரிதாகிவிட்டது. ஆள் உயர அட்டையில் ஒரு மயில். தோகை முழுக்கச் சாமை. ஹெச்.எம். சாரே வந்து, "அருமைம்மா" என்றார்.

மத்தியானம் பூங்கொடியின் அம்மா வேக வேகமாக வந்தார். தூக்கை எட்டிப் பார்த்தார், பாதிதான் இருந்தது. பிறகு மயிலைப் பார்த்தார். அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இது வெதைக்கி எடுத்து வெச்சது டீச்சர். நாளைக்கி வெதைக்கணும்" என்றார். என் கைவேலைக்காக ஒரு குடும்பத்தின் விதையில் பாதியை அட்டையில் ஒட்டியிருக்கிறேன்.

மயிலைப் பிய்த்துப் பிய்த்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டோம். இருபத்திரண்டு பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து, பசையை அலசி, சாமையை வடித்து, ஜீப்பில் நான் போர்த்திக்கொண்டு வரும் சால்வையில் பரப்பினோம். "நனைஞ்சத வெச்சிருந்தா வீணா பூடும். இப்பவே தூவிடணும்" என்றார் அம்மா. நல்லவேளை, மழை பெய்து, உழுத நிலம் ஈரமாக இருந்தது. ஹெச்.எம். சாரிடம் சொல்லிவிட்டு எல்லாரும் அவர்கள் கொல்லைக் காட்டுக்குப் போனோம். ஈரச் சாமை கையில் ஒட்டாமல் இருக்க மணலைக் கலந்து, எப்படி வீச வேண்டும் என்று அவர் காட்டினார். பிள்ளைகள் வீசிய வீச்சைப் பார்க்க வேண்டுமே. எனக்கு மட்டும் ஒரே கேள்விதான். பசை பட்ட விதை முளைக்குமா?

அந்தக் கொல்லை ரோட்டோரம்தான். தினமும் ஜீப்பிலிருந்து எட்டிப் பார்ப்பேன். வெறும் மண். ஏழு நாள் அப்படியே போனது. எட்டாம் நாள் காலையில், நான் இறங்குவதற்கு முன்பே பூங்கொடியின் அம்மா பள்ளி வாசலில் நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பேசவிடவில்லை.

"உங்க மயிலு மொளைச்சிக்கினு வருது டீச்சர். புள்ளைங்கள இட்டுக்கினு வந்து பாருங்க."

ஒரு வருஷம் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுத்ததில் நான் தேறியது ஒரே பாடத்தில்தான்: பசையைக் காய்ச்சும் முன் அவர்கள் அம்மாவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.