தண்ணீர் இறங்காத பலகை

போன ஞாயிற்றுக்கிழமை வீடு காலி செய்தோம். காரணத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பாத்ரூம் பலகைக்குள் தண்ணீர் இறங்கவில்லை... அதனால்தான்.

விருத்தாசலத்தில் ஊரெல்லாம் பீங்கான். எங்கள் வாடகை வீட்டில் மட்டும் வாஷ்பேசின் மரப்பலகை மேல் உட்கார்ந்திருந்தது. வாசல் கதவுக்கு வாங்கியதில் மிஞ்சிய வேங்கை மரமாம். ஹவுஸ் ஓனர் செராமிக் கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்தான். ஆனாலும் டைல்ஸைக் காசு கொடுத்துத்தானே வாங்க வேண்டும்?

கார்த்திகை மழையில் ஈரம் காயவே இல்லை. பலகை ஓரம் உப்பி, அடியில் கறுத்துவிட்டது. ஓனர் விரலால் குத்திப் பார்த்தார்.

"இது தாங்காது சார். உடைச்சிட்டு மேடை கட்டணும். நீங்க வேற வூடு பாத்துக்கிட்டீங்கன்னா தோதா இருக்கும்."

மகள் பிளஸ் டூ. ஸ்கூல் பக்கத்துத் தெரு. மார்ச் பரீட்சை வரைக்குமாவது அங்கே இருந்தாக வேண்டும்.

"நானே சரி பண்ணிடறேன்" என்றேன்.

அரையாண்டு லீவில் ஆரம்பித்தேன். பேசினைக் கழற்றி, பலகையை நிழலில் காயவைத்து, உப்புத்தாளால் கறுப்பைத் தேய்த்து எடுத்தேன். மேல்பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்தால் போதும் என்றார் ஹார்டுவேர் கடைக்காரர். நான் நாலு இடத்தில் படித்துவிட்டுப் போனவன் – விடுவேனா? அடிப்பக்கம், ஓரம், பேசினுக்காக வெட்டிய ஓட்டையின் உள்வட்டம்... மரம் தண்ணீர் குடிப்பதே அங்கேதான். எல்லா இடத்திலும் தண்ணீர் புகாத பியு வார்னிஷ். ஒரு கோட் காய்ந்ததும் லேசாகத் தேய்த்து அடுத்த கோட். பேசின் விளிம்பைச் சுற்றி சிலிக்கான்.

"அடுத்தவங்க வூட்டுக்கு இவ்ளோ மெனக்கெடுறீங்க. நம்ம கல்யாணத்துக்குக்கூட நீங்க இப்படி ஷேவ் பண்ணல" என்றாள் மனைவி.

மாட்டுப் பொங்கலன்று ஓனர் குடும்பத்தோடு வந்தார். ஒரு மக் தண்ணீரைப் பலகையில் ஊற்றினார். சேப்பங்கிழங்கு இலையில் உருளுவதுபோல் உருண்டு ஓடியது. திட்டக்குடியில் கட்டிக்கொடுத்திருந்த மகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நல்லா இருக்குதுப்பா" என்றார் அந்தப் பெண். பலகையைத் தடவிய கையை எடுக்கவே இல்லை.

மறுநாள் காலையில் ஓனர் மறுபடி வந்தார்.

"பொண்ணு இங்கியே வந்துடறேன்னுது சார். மாசி பொறக்கறதுக்குள்ள வூட்ட குடுத்துடுங்க."

"பரீட்சை முடியட்டுமே..."

"அதான் பஸ்ஸு இருக்குதுல்ல சார்."

இருக்கிறது. இப்போது என் மகள் வேப்பூர் ரோட்டில் நாங்கள் பிடித்த வீட்டிலிருந்து, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே கெமிஸ்ட்ரி படிக்கிறாள்.

வாடகை வீட்டில் ரிப்பேர் வந்தால் பழி நமக்கு. ரிப்பேர் சரியானால் வீடு ஓனருக்கு. இது தெரிந்துதான் நம் ஜனங்கள் ஒழுகும் குழாய்க்கு அடியில் பக்கெட்டை வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் எழுதியவன் நான்.

சாவியை வாங்கிக்கொண்டு ஓனர் கேட்டார்: "அந்த வார்னிஷு மிச்சம் இருந்தா வச்சிட்டுப் போங்க சார்."

வைத்துவிட்டுத்தான் வந்தேன். காற்றுப் பட்டால் இறுகிவிடும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. மூடியைத்தான்... அவ்வளவு அழுத்தி மூடவில்லை.