சிறுநீரகம் சிறு நகரமான கதை

அந்த உயிரியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். முக்கால் மணி நேரப் பாடத்தை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதி நேரம் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி ஜன்னலோரம் நிற்பார். எந்தச் சொல்லின் வாலையும் அவர் முழுதாக வெளியே விட்டதில்லை. அது வெளியே வருவதற்குள் அடுத்த சொல்லின் தலை அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். இருபத்தாறு வருடமாக இப்படித்தான். அக்டோபருக்குள் புத்தகத்தை முடித்துவிடுவார். பாடம் முடிக்காத மற்ற ஆசிரியர்களுக்கெல்லாம் தலைமையாசிரியை இவரைத்தான் உதாரணம் காட்டுவார்.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஒவ்வொரு ஆசிரியரும் மாதம் ஒரு பாடத்தையாவது வீடியோவாக எடுத்து வகுப்புக் குழுவில் போட வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எந்த வசதியையும் பயன்படுத்திக்கொள்ளலாம். 'இலவசமாக' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

டீச்சர் கம்ப்யூட்டர் சாரிடம் போய் நின்றார். இவருடைய மகன் வயதுதான் இருக்கும் அவருக்கு.

"ஒண்ணுமே இல்ல மேடம். போனை எதுலயாவது சாய்ச்சு வெச்சுட்டுப் பேசுங்க. மிச்சத்தை அதுவே பாத்துக்கும். நீங்க பேசப் பேசக் கீழே எழுத்துகூட அதுவே போட்டுடும்."

"அதுவேவா?"

"அதுவேதான்."

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில், சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, மனித உடல் முழுவதையும் பதினொரு நிமிடத்தில் பேசி முடித்தார். அவர் கணவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். பொறுமைசாலி, பேச்சில் சிக்கனம். வீடியோ எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தார்.

"சரியா வந்திருக்கா?"

"வந்திருக்கு."

திருப்பிப் பார்க்கவெல்லாம் டீச்சருக்குப் பொறுமை ஏது? அப்படியே குழுவில் போட்டுவிட்டார். நாற்பத்திரண்டு பிள்ளைகள் வீட்டிலிருந்தும் கட்டைவிரல் படம் வந்தது. டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை.

இரண்டு வாரம் கழித்து மாதத் தேர்வு. ஆசிரியர் அறையில் விடைத்தாள் கட்டைப் பிரித்து முதல் தாளை எடுத்தார்.

'மனித உடலில் இரண்டு சிறு நகரங்கள் உள்ளன. அவை முதுகுப் பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே அமைந்துள்ளன.'

பையன் ஏதோ குறும்பு செய்கிறான் என்று சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தார். அதிலும் இரண்டு சிறு நகரங்கள். மூன்றாவது தாளில் ஒரு பெண் பென்சிலால் படமே வரைந்திருந்தாள். இரண்டு ஊர்கள், நடுவில் சாலை, ஓரத்தில் பேருந்து நிலையம். ஆனால் கழிவுநீர் வெளியேறும் பாதை மட்டும் புத்தகத்தில் உள்ளபடியே சரியாக இருந்தது.

'தம்பி இதயத்திலிருந்து சுத்த இரத்தத்தை எடுத்துச் செல்கிறான். அசுத்த இரத்தம் சிறைக்குப் போகிறது.' தமனியும் சிரையும் இப்படி ஆகியிருந்தன. பித்தநீருக்கு நேர்ந்த கதி இன்னும் மோசம். 'கல்லீரலில் இருந்து வரும் பெத்தவர் நம் கொழுப்பைக் கரைக்கிறார்.' இதற்கு மட்டும் தப்புப் போட டீச்சருக்குக் கை வரவில்லை. சும்மா ஒரு கேள்விக்குறி போட்டார்.

நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தேழு பேர் இப்படி எழுதியிருந்தார்கள். டீச்சர் போனை எடுத்துத் தன் வீடியோவை முதல் தடவையாகப் பார்த்தார். பிள்ளைகள் எழுதியதெல்லாம் எழுத்து பிசகாமல் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

பெத்தவர் இருந்த அந்தத் தாளை யார் படம் எடுத்தார்களோ தெரியாது. மறுநாள் காலைக்குள் அது பெற்றோர் குழுக்களைத் தாண்டி, அவர்களுடைய மாமன் மச்சான் குழுக்கள் வரை போய்விட்டது. 'எங்க அப்பா இருபது வருஷமா இந்த வேலையைத்தான் பண்றார்' என்று பெத்தவருக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள். தலைமையாசிரியை கூப்பிட்டு விட்டார். அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. வெளியே வந்த டீச்சர் நேராக வகுப்புக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

வகுப்புத் தலைவி எழுந்தாள். "சிறுநீரகம்னு போட்டிருக்கு டீச்சர்."

"அப்புறம்?"

"நீங்க வீடியோவுல வேற சொன்னீங்க. நான் சொல்றதைத்தான் எழுதணும்னு முதல் நாளே சொல்லியிருக்கீங்க."

"நான் சிறு நகரம்னா சொன்னேன்?"

அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அந்தப் பக்கத்துப் பெண் மேஜையைப் பார்த்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்கன்னு எங்களுக்குத் தெரியாது டீச்சர். எப்பவும் தெரியாது. இந்தத் தடவைதான் கீழே எழுத்து வந்துது. ஒருவழியா புரிஞ்சுடுச்சேன்னு எல்லாரும் சந்தோஷமா எழுதினோம்."

"புரியலைன்னா கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டோம் டீச்சர். பதில் சொன்னீங்க. அதுவும் புரியல."

சாயங்காலம் வீட்டில் டீச்சர் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. கணவர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு ஏதோ ஒரு பல்சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, உண்மையைச் சொல்லுங்க. நான் பேசறது உங்களுக்குப் புரியுமா?"

அவர் யோசித்தார். "பாதி."

"இருபத்தெட்டு வருஷமா பாதிதானா? அப்போ மீதி?"

"மீதி புரியாததாலதான் நிம்மதியா இருக்கோம்."

டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கோளாறு போனில்தான் என்று நிரூபிக்க ஒரு கடைசி முயற்சி செய்தார். போனைக் கணவர் முன் நீட்டி, "சிறுநீரகம்னு சொல்லுங்க" என்றார். அவர் நிதானமாகச் சொன்னார். ஓர் எழுத்துப் பிழை இல்லாமல் திரையில் விழுந்தது. டீச்சர் அன்றைக்கு அவரோடு பேசவே இல்லை.

மறுநாளிலிருந்து தினமும் பள்ளி விட்டு வந்ததும் அந்த மேஜையில் உட்கார்ந்து புத்தகத்தை வாசித்தார். முதல் நாள் 'நுரையீரல்' என்றதற்கு 'நூறு ஈரல்' என்று வந்தது. மூன்றாம் நாள் 'நுரை ஈரம்'. ஐந்தாம் நாள் 'நுரையீரல்' என்றே வந்தது. அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்த கணவரை இழுத்து வந்து காட்டினார். பழக்கம் வெளியிலும் தொற்றிக்கொண்டது. மருந்துக் கடையில் ஒவ்வொரு சொல்லாக இடைவெளி விட்டு மாத்திரை கேட்டார். கடைக்காரர் பயந்துபோய், "உடம்புக்கு ரொம்ப முடியலையாம்மா?" என்றார்.

பழைய வீடியோவை அழித்துவிடும்படி தலைமையாசிரியை சொல்லியிருந்தார். டீச்சர் அழிக்கவில்லை. கம்ப்யூட்டர் சாரைப் பிடித்து, எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய ஓர் இலவசப் பக்கத்தைத் திறந்தார். போன் என்ன எழுதியது, டீச்சர் உண்மையில் என்ன சொல்லியிருப்பார் என்று கண்டுபிடித்து எழுதுவதுதான் வீட்டுப்பாடம். டீச்சர் சொன்னதைக் கேட்டுப் புரிந்துகொள்ள முடியாது என்பதால் ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தைப் புரட்டித்தான் ஆக வேண்டும். அந்தப் புத்தகத்தை அதுவரை யாரும் அவ்வளவு ஆசையாகப் புரட்டியதில்லை. நூற்றுப் பதினெட்டுப் பிழைகள் கிடைத்தன. கடைசிப் பிழைக்காக இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு அரை நாள் பேசாமல் இருந்தார்கள்.

அடுத்த வீடியோவில் பிழைகள் நாற்பதாகக் குறைந்தன. அதற்கடுத்ததில் ஒன்பது. பிள்ளைகளுக்கு ஏமாற்றம்.

"டீச்சர், இந்தத் தடவை ஒண்ணுமே தேறல. கொஞ்சம் பழைய மாதிரி பேசுங்களேன்."

அரையாண்டுத் தேர்வில் அந்த வகுப்பு உயிரியலில் இதுவரை எடுக்காத மதிப்பெண் எடுத்தது. ஆனால் பிப்ரவரி பிறந்தும் பாதிப் புத்தகம்தான் நடந்திருந்தது. தலைமையாசிரியை கவலையோடு கேட்டார்.

"உங்களுக்கு என்ன ஆச்சு? எல்லா வருஷமும் அக்டோபர்லயே முடிச்சிடுவீங்களே."

"முடிச்சேன் மேடம். நான் மட்டும் முடிச்சேன்."

தலைமையாசிரியைக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனாலும் வீடியோ ஆசை அவரையும் விடவில்லை. தன் அறையில் உட்கார்ந்து பெற்றோர்களுக்கு ஒரு செய்தி பேசி, யாரிடமும் காட்டாமல் தானே எல்லாக் குழுக்களிலும் போட்டார். 'நமது பள்ளியில் ஒழுக்கம் என்றும் குறையாது' என்று அவர் கம்பீரமாகச் சொன்ன இடத்தில், 'நமது பள்ளியில் ஒழுகல் என்றும் குறையாது' என்று கீழே வந்தது. மழை பெய்தால் நான்கு வகுப்புகளில் வாளி வைக்கும் பள்ளி அது.

டீச்சர் அதைப் பார்த்ததும் தலைமையாசிரியைக்குப் போன் போட விரல் போனது. பக்கத்திலிருந்த கணவரிடம் திரையைக் காட்டினார்.

"தப்பா வந்திருக்கு பாருங்க. சொல்லட்டுமா?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார்.

"இதுல தப்பு எங்க இருக்கு?"

மூன்று நாளில் அந்த வரி மேலிடத்துக்கே போய்ச் சேர்ந்தது. பத்தாம் நாள் கொத்தனார் ஒருவர் ஏணியும் சாந்துச் சட்டியுமாக வந்து கூரையில் ஏறினார். மேலே சுத்தியல் இடிக்க, கீழே டீச்சர் ஒவ்வோர் இடிக்கும் நிறுத்தி, அது அடங்கியதும் தொடர்ந்து, இலைத்துளைகள் வழியாகச் செடி எப்படி மூச்சு விடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மணி அடித்தபோது பாதிதான் முடிந்திருந்தது.