ஆறாவது ரவுண்ட்

கனடாவில், ஸ்காபரோவில் எனக்கு முடி வெட்டியவர் பாரிசில் இருந்து வந்த ஈழத்தமிழர். கத்தரிக்கோல் போல மெலிந்த மனிதர், வாய் மட்டும் ஓயாது. அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் குத்துச்சண்டைக்காரன் ஒருவனின் கதையைத்தான் எப்போதும் சொல்வார். முதலாம் உலக யுத்தத்துக்குப் போய்வந்து மறுபடி மேடையேறியவன். உலகப் பட்டத்துக்கான சண்டையில் ஆறாவது ரவுண்டில் அடிவாங்கி விழுந்தவன். கதையில் குத்து விழும்போதெல்லாம் கத்தரிக்கோலும் பாயும். நாற்காலியில் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார்.

இலங்கையில், வன்னியில் யுத்தம் எங்கள் தோல்வியில் முடிந்த வாரம் கடையில் எல்லோரும் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கதையைத் தொடங்கினார். ஆறாவது ரவுண்ட் வந்தது.

“விழுந்தவன் எழும்பிட்டான்! விட்டான் பாருங்கோ ஒரு குத்து, மற்றவன் மல்லாக்க!” என்றார்.

உண்மையான முடிவு எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஒருவரும் திருத்தவில்லை. மூலையில் இருந்த கிழவர் மட்டும், “ஒரு குத்துக் காணாது, இன்னும் ஒண்டு போடச் சொல்லும்” என்றார். கடையே சிரித்தது.

அடுத்த மாதம் போனபோது மெதுவாகக் கேட்டேன். “அண்ணை, ஆறாவது ரவுண்டில என்ன நடந்தது?”

“விழுந்திட்டான். உங்களுக்குத் தெரியாதோ?” என்று என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.