ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ரீத்தாவும்

ரயில்வேயில் டிக்கெட் கொடுப்பது எனக்குச் சம்பளம் தந்த வேலை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவதுதான் என் முதுகை ஒடித்த வேலை. பிள்ளையோடு ஆசையாகப் புறப்பட்டு, அரை மணி நேரத்தில் அழுகையும் ஈரத்துணியுமாக வீடு திரும்பிய பாவிகளில் நீங்களும் ஒருவரென்றால், இதைச் சிரிக்காமல் படிப்பீர்கள்.

என் மனைவி லூர்து மேரியை காசநோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ரீத்தாவுக்கு ஒரு வயது. வாரநாட்களில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டு அந்தோணியம்மா அக்கா பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை என் முறை. வீட்டிலேயே இருந்தால் ரீத்தா வாசற்கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்க மாட்டாமல்தான் வெளியே கிளம்பினேன்.

ஏரித் தோட்டத்துப் பெஞ்சு

ஏரிக்கரையில் சாயங்காலம் ஆயாக்கள் கூடுவார்கள். துரைமார் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் நம் பெண்கள்தான். கையில் பிள்ளையோடு வந்த ஆம்பிளை நான் ஒருவன்தான். நான் போய் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்ததும், அதுவரை கலகலவென்றிருந்த பேச்சு நின்றது.

ரீத்தா நாலு அடி நடந்தாள். நான் கட்டிவிட்ட இடுப்புத் துணி அவிழ்ந்து புல்லில் விழுந்தது. திரும்பக் கட்டினேன், திரும்ப விழுந்தது. மூன்றாவது தடவை ஓர் ஆயா எழுந்து வந்து, ஒரே முடிச்சில் கட்டி முடித்தாள். நன்றி சொல்லிவிட்டு, இனி இவர்களோடு இரண்டு வார்த்தை பேசலாம் என்று நினைத்தேன். அவள் மெல்லச் சொன்னாள்: "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, நாங்க பேசுறதே இந்த ஒரு மணி நேரந்தான். அந்த மரத்தடியில நல்ல நெழல் இருக்கு."

புலி

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் மியூசியத்துக்குள் ஒதுங்கினோம். பறவைகளையும் பாம்புகளையும் பார்த்தபோது ரீத்தா வாயைத் திறக்கவில்லை. பாடம்செய்து நிறுத்தியிருந்த புலிக்கு முன்னால் போனதும் என் கழுத்தை இறுக்கிக்கொண்டு வீறிட்டாள். அதே நேரத்தில் என் சட்டை சூடாக நனைந்தது. தரையிலும் சொட்டியது.

காவலுக்கு நின்ற மலாய்க்காரப் பெரியவர் ஒரு துணியோடு வந்தார். நான் வாங்கித் துடைக்கப் போனேன்; விடவில்லை. குனிந்து துடைத்துவிட்டு, புலியை நிமிர்ந்து பார்த்து மலாயில் சொன்னார்: "பரவாயில்லை, இது உயிரோடு எதிரே வந்திருந்தால் எனக்கும் இதே கதிதான்."

அந்த வாரம் முழுக்க டிக்கெட் ஜன்னலுக்கு வெளியே நின்ற யாரும் என்னிடம் ஊர்ப் பெயரைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அதனால்தானோ என்னவோ, அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

கிள்ளான் வண்டி

ரயில்வேக்காரனுக்குப் பாஸ் உண்டு. ஒருநாள் கிள்ளான்வரை போய்வரலாம் என்று ஏறினேன். எதிரே காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்து அம்மா ஒருவர், புருஷனோடு உட்கார்ந்திருந்தார். ரீத்தா என்னிடம் நெளிந்தாள், அழுதாள், என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினாள். அந்த அம்மா கை நீட்டியதும் பாய்ந்துபோய் அவர் மடியிலேயே தூங்கிவிட்டாள்.

தாயைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். குழந்தையின் தலையைத் தடவிக்கொடுத்தார். தங்களுக்குப் பிள்ளை இல்லை, இவளைத் தந்தால் வளர்த்துக்கொள்கிறோம் என்றார். நான் "சரி" என்றும் சொல்லவில்லை, "முடியாது" என்றும் சொல்லவில்லை. இரண்டு ஸ்டேஷன் தாண்டும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதை இதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. கிள்ளானில் நான் குழந்தைக்குக் கை நீட்டியபோதுதான் அவருக்கு என் பதில் தெரிந்தது. கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நான் ஒங்க நல்லதுக்குத்தான் கேட்டேன் தம்பி, வீட்டுல நாலு பால்மாடு சும்மா நிக்குது."

ஆஸ்பத்திரிப் புல்வெளி

நோயாளிகளிடம் குழந்தைகளை விடமாட்டார்கள். கீழே புல்வெளியில் நின்று ரீத்தாவை உயரத் தூக்கிக் காட்டுவேன். மாடி வராந்தாவில் வரிசையாக நிற்கும் பெண்களில் லூர்து மேரி கடைசி ஆள். ஒரு குழந்தையைப் பார்த்த சந்தோஷத்தில் அத்தனை பேரும் கையாட்டுவார்கள். ரீத்தாவும் ஆட்டுவாள். ஒருநாள் நடுவில் நின்ற சீனத்தி ஒருத்தியைப் பார்த்து, "அம்மா" என்று கூப்பிட்டுச் சிரித்தாள். அந்தச் சீனத்தி சட்டென்று கையை இறக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரரிடம் ரீத்தாவைக் கொடுத்துவிட்டு மேலே ஓடினேன். என்ன சமாதானம் சொல்வது என்று படிக்கட்டு முழுக்க யோசித்தேன். லூர்து மேரி கேட்டது ஒன்றுதான்: "அவ முட்டியில என்னங்க புண்ணு, இங்கேருந்து சரியாத் தெரியல?"

மூன்றாவது ஆள்

பதினான்கு மாதம் கழித்து, நோய் குணமாகி, மெலிந்து, வீட்டுக்கு வந்தாள். ரீத்தா என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவளை "அக்கா" என்றாள். அதற்குள் பார்க்கிற பெண்கள் எல்லாருமே அவளுக்கு அக்காவாகிவிட்டிருந்தார்கள். சோறு ஊட்டப் போனால் வாயை மூடிக்கொண்டாள். பக்கத்தில் படுத்தால் எழுந்து என்னிடம் வந்தாள். லூர்து மேரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஒரே வீட்டில் மூன்று பேர் இருந்தும், ஆளுக்கொரு பக்கம் தனியாகத்தான் இருந்தோம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூவருமாகக் காய்கறி வாங்கப் பாசாருக்கு நடந்தோம். பாதி வழியில் ரீத்தாவுக்குக் கால் வலித்தது. லூர்து மேரி குனிந்து கை நீட்டினாள். ரீத்தா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நடுரோட்டில் உட்கார்ந்து, காலில் போட்டிருந்த சப்பாத்து இரண்டையும் கழற்றி அந்தக் கைகளில் வைத்துவிட்டு, என்னிடம் வந்து தோளில் ஏறிக்கொண்டாள். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது: "நடங்க, நடங்க, சப்பாத்தக் குடுத்துட்டாளே, இன்னைக்கு இது போதும்."

பிள்ளை தூக்கும் இந்த உத்தியோகத்தில் லீவும் கிடையாது, பென்ஷனும் கிடையாது. சுமையில் சப்பாத்தளவு பங்கு வாங்கிக்கொள்ள ஓர் ஆள் கூட வந்தால், அதுதான் பதவி உயர்வு.